ஒக்கி புயலில் போன அண்ணனுக்குப் பூசை வைக்கலாமா? அம்மா சம்மதிக்கவில்லை

கடலோரத்துக்காரி | 26 அக்டோபர் 2024, இரவு 11:40

கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூர் பக்கத்து எட்டு மீனவ ஊர்களில் ஒன்று எங்களுடையது. எந்த ஊர் என்று கேட்காதீர்கள். சொன்னால் யார் வீடு என்று தெரிந்துவிடும்.

2017 நவம்பர் 30. அந்தத் தேதியைச் சொன்னாலே எங்கள் பக்கத்தில் போதும். அண்ணன் அதற்கு ஒன்பது நாள் முன்னாலேயே தங்கலுக்கு, பல நாள் கடலில் தங்கி மீன் பிடிக்க, போய்விட்டான். கரையில் எச்சரிக்கை வந்தபோது அவர்கள் போட் ஒயர்லெஸ் எட்டாத தூரத்தில் இருந்தது. பிறகு இரண்டு மூன்று வாரம் லட்சத்தீவில் ஒதுங்கிய போட், மகாராஷ்டிரத்தில் ஒதுங்கிய போட், குஜராத்தில் ஒதுங்கிய போட் என்று செய்தி வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் ஊரே பெயர்ப்பட்டியலைத் தேடி ஓடும். அண்ணன் போன போட்டிலிருந்து ஒரு பலகைகூட வரவில்லை. பதினொரு பேர்.

ஏழு வருஷம் காத்திருக்க வேண்டாம் என்று விதியைத் தளர்த்தி, 2018இல் அரசு இறப்புச் சான்றிதழும் இருபது லட்சமும் கொடுத்தது. அண்ணி பிள்ளைக்காக வாங்கிக்கொண்டாள். அம்மா அந்தக் காகிதத்தை இன்றுவரை கையால் தொட்டதில்லை.

இப்போது நவம்பர் 2 வருகிறது, கல்லறைத் திருநாள். அண்ணன் மகனுக்குப் பத்து வயது. போன வருஷம் கூட்டாளிகளோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டு வந்து, "நமக்கு எந்தக் கல்லறை அத்தை?" என்று கேட்டான். அதிலிருந்து அண்ணி, இந்த நவம்பர் 30க்கு ஒரு பூசையாவது வைக்க வேண்டும் என்கிறாள். கோயிலில் இறந்தோருக்கான பூசை, திருப்பலி. இதுவரை ஒன்றுகூட வைத்ததில்லை.

அம்மா விடமாட்டேன் என்கிறாள். "எனக்க பிள்ளைய நான் மாதா கையில குடுத்திருக்கேன். பூசை வச்சா, குடுத்தத நானே திரும்ப வாங்கிக் குழியில போட்ட மாதிரி." தினமும் ஐம்பத்து மூன்று மணி செபமாலை சொல்லும் மனுஷி இதைச் சொன்னால் என்ன பதில் சொல்வது?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அண்ணன் நம்பர் இன்னும் உயிரோடு இருக்கிறது. பயன்படுத்தாவிட்டால் வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள் என்று, 2018இலேயே டூப்ளிகேட் சிம் எடுத்து ஒரு பழைய போனில் போட்டு வைத்தோம். 84 நாளைக்கு ஒருமுறை நான் ரீசார்ஜ் செய்ய வேண்டும். மறந்துபோனால் அம்மா அன்றைக்குச் சாப்பிட மாட்டாள்.

இது விசுவாசமா, பிடிவாதமா? எனக்குத் தெரியவில்லை. அண்ணி பக்கம் நின்றால் அண்ணனைக் கொன்றவள் போல இருக்கிறது. அம்மா பக்கம் நின்றால் அந்தப் பையனுக்கு அப்பாவே இல்லை, கல்லறையும் இல்லை.

---

ஜெபவீரன் | 27 அக்டோபர், காலை 6:05

சகோதரி, அம்மாவின் விசுவாசத்தை யாரும் குலைக்க வேண்டாம். லாசரு மரித்து நாலு நாள். நாறுமே என்று சொன்னது மார்த்தாள்தான், ஆண்டவர் அல்ல. ஏழு வருஷம் தேவனுக்கு ஒரு கணக்கா? அவன் ஏதோ ஒரு தேசத்தில் ஜீவனோடிருக்கிறான் என்று வாயினால் அறிக்கை செய்யுங்கள். சான்றிதழைக் கிழித்துப் போடுங்கள். ஆமென்.

---

வெளியில் நிற்பவன் | 27 அக்டோபர், காலை 7:30

லாசருவுக்கு ஒரு கல்லறை இருந்தது அண்ணே.

---

நாங்குநேரிக்காரன் | 27 அக்டோபர், காலை 10:15

மகளே, நான் சி.எஸ்.ஐ., தென்னிந்தியத் திருச்சபைக்காரன். எழுபதைத் தாண்டியவன், வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். இறந்தவர்களுக்காக ஜெபிக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. ஆகவே பூசை வைப்பதா வேண்டாமா என்பதில் நான் வாய் திறப்பது சரியில்லை.

ஆனால் ஜெபவீரன் தம்பி எழுதியதைப் படித்தவுடன் யோபுவின் சிநேகிதர் மூவரும் நினைவுக்கு வந்தார்கள். ஏழு நாள் தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்கள். அதுவரை நல்ல சிநேகிதர்கள். வாயைத் திறந்ததும்தான் கெட்டது. கடைசியில் கர்த்தருடைய கோபம் யார்மேல் மூண்டது என்று பாருங்கள். முகத்துக்கு நேரே சண்டை போட்ட யோபுமேல் அல்ல, தேவனுக்காக வக்காலத்து வாங்கினவர்கள்மேல். ஐம்பது வருஷம் அந்தப் புஸ்தகத்தை வாசிக்கிறேன், அந்த இடம் வரும்போதெல்லாம் இன்னும் நிமிர்ந்து உட்காருவேன்.

எங்கள் பக்கத்தில் டோனாவூர் இருக்கிறது. அங்கே பிள்ளைகளை எடுத்து வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931இல் ஒரு குழியில் விழுந்து அடிபட்டவர், 1951இல் இறக்கும்வரை ஏறக்குறைய இருபது வருஷம் பெரும்பாலும் அறைக்குள்ளேயே கிடந்தார். அத்தனை பிள்ளைகளும் ஜெபித்தார்கள். எழும்பவில்லை. எழும்பாத அந்த வருஷங்களை அங்கே யாரும் தோல்வி என்று சொன்னதில்லை. அவர் புதைக்கப்பட்ட இடத்தில் பெயர் பொறித்த கல்லறைக்கல் கிடையாது. பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல் தொட்டி வைத்திருக்கிறார்கள், அதில் அம்மை என்று எழுதியிருக்கும். உன் அண்ணன் மகன் கேட்ட கேள்வியைப் படித்தபோது ஏனோ அந்தத் தொட்டி நினைவுக்கு வந்தது. இது உனக்குப் பதில் இல்லை என்று எனக்குத் தெரியும்.

---

உபதேசியார் பேரன் | 27 அக்டோபர், மாலை 4:50

நாங்குநேரி ஐயா எழுதியதை ஒட்டி முதலில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்கிறேன். கத்தோலிக்கரான நாங்களும் உங்கள் சபையாருமாக நம் ரெண்டு பக்கத்தாரும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு வேறு வேறு விஷயம் பேசுகிறோம்.

1 கொரிந்தியர் 13:13ஐ எடுங்கள். பழைய மொழிபெயர்ப்பில் "விசுவாசம், நம்பிக்கை, அன்பு". எங்கள் பொது மொழிபெயர்ப்பில் "நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு". அவர்கள் விசுவாசம் என்பதை நாங்கள் நம்பிக்கை என்கிறோம். அவர்கள் நம்பிக்கை என்பது எங்களுக்கு எதிர்நோக்கு. எதிர்நோக்கு என்ற சொல் எனக்குப் பிடிக்கும். அதில் ஒரு கடற்கரை இருக்கிறது. நெற்றியில் கை வைத்துக் கடலைப் பார்த்து நிற்கும் பொம்பளை இருக்கிறாள்.

"அவன் வருவான்" என்று அம்மா சொல்வது ஒன்று. "மாதா கையில் கொடுத்திருக்கிறேன்" என்பது வேறொன்று. முன்னது அண்ணனைப் பற்றியது, பின்னது கடவுளைப் பற்றியது. ரெண்டும் ஒரே மூச்சில் வருவதால் ஒன்றைத் தொட்டால் மற்றதும் விழுந்துவிடும் என்று பயப்படுகிறார்கள். விழாது என்பது என் எண்ணம். கையில் கொடுத்தது கொடுத்ததுதான், ஆள் எங்கே இருந்தாலும்.

இனி நடைமுறை. திருச்சபைச் சட்டம் 901ஆம் எண்ணைப் பாருங்கள். உயிரோடிருப்பவர், இறந்தவர் யாருக்காகவும் குரு திருப்பலி ஒப்புக்கொடுக்கலாம். பூசைக் கருத்து, அதாவது யாருக்காகப் பூசை என்பதை, எழுதிக் கொடுக்கும்போது "ஆன்ம இளைப்பாற்றிக்காக" என்று எழுதியே தீரவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. வெறும் பெயரை எழுதிக் கொடுங்கள். வாசிப்பவர் பெயரை மட்டும் வாசிப்பார். அண்ணிக்கு அது அண்ணியின் பூசை, அம்மாவுக்கு அது அம்மாவின் பூசை. கடவுளுக்கு எது என்று அவருக்குத் தெரியும்.

கேட்கப்படாத ஒன்றையும் சொல்லிவைக்கிறேன், அண்ணிக்கு எப்போதாவது தேவைப்படலாம். மறுமணம் என்று ஒரு பேச்சு வந்தால் அரசாங்கச் சான்றிதழ் மட்டும் கோயிலில் போதாது. 1707ஆம் எண்ணின்படி ஆயர் விசாரித்து, இறந்திருப்பார் என்று அறிவிக்க வேண்டும். எத்தனை வருஷம் ஆயிற்று என்பது மட்டுமே அதற்குக் காரணமாகாது, சாட்சி, சூழ்நிலை எல்லாம் பார்ப்பார்கள். புயலில் போனவர்கள் விஷயத்தில் சூழ்நிலையே பாதி சாட்சி.

---

கடலோரத்துக்காரி | 27 அக்டோபர், இரவு 9:20

மறுமணமா? அண்ணிக்கு முப்பத்தைந்து. அந்தப் பேச்சு அவள் அம்மா வீட்டில் ஏற்கெனவே வந்துவிட்டது. எங்கள் வீட்டில் யாருக்கும் அது தெரியாது. நீங்கள் எழுதியதைப் படித்தவுடன் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். பிறகு எடுத்துப் படித்தேன். நன்றி.

வெறும் பெயர். அது எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் கோயில் அச்சனிடம் கேட்கிறேன்.

---

அருள்மலர் | 28 அக்டோபர், காலை 8:10

எல்லாம் இறைவன் சித்தம் தங்கச்சி. சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது. 2004 சுனாமியில் வேளாங்கண்ணிப் பேராலயத்துக்குள் தண்ணீர் ஏறவில்லை, அதைவிட என்ன சாட்சி வேண்டும்? மாதா கைவிட மாட்டார்.

---

வெளியில் நிற்பவன் | 28 அக்டோபர், காலை 8:40

கோயிலுக்கு வெளியே கடற்கரையில் செத்தவர்களும் அதே மாதாவைப் பார்க்கத்தான் வந்திருந்தார்கள். அது டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். இந்த ஒரு கணக்கை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அதனால்தான் இந்தப் பெயரில் எழுதுகிறேன்.

---

கடலோரத்துக்காரி | 28 அக்டோபர், பிற்பகல் 1:15

அக்கா, கோபப்படாதீர்கள். "இறைவன் சித்தம்" என்று எங்கள் ஊரில் யாராவது சொன்னால் ஆண்கள் எழுந்து போய்விடுவார்கள்.

ஒக்கி வந்த அந்த 2017 டிசம்பர் 7ஆம் தேதி குழித்துறை ரயில் நிலையத்தில் நாங்கள் ஆயிரக்கணக்கில் தண்டவாளத்தில் உட்கார்ந்தோம். அம்மாவும் வந்தாள். கையில் செபமாலை, வாயில் கோஷம். தேடுங்கள், இன்னும் தூரம் போய்த் தேடுங்கள் என்று கேட்கத்தான் போனோம். அதைச் சித்தம் என்று விட்டிருந்தால் திரும்பி வந்த சிலர்கூட வந்திருக்க மாட்டார்கள். ஆழ்கடலில் இருப்பவனுக்கு எச்சரிக்கை சேராதது மனுஷர் காரியம். அதைக் கொண்டுபோய்க் கடவுள் தலையில் வைப்பதை அம்மாவே ஒத்துக்கொள்ள மாட்டாள்.

ஆனால் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் பத்தாம் நாள் திரும்பி வந்தார். வெயிலில் தோல் உரிந்து, பேச்சு வராமல். அவர்கள் வீட்டில் நன்றிப் பூசை வைத்தார்கள். ஊரே போனது. அம்மாவும் போனாள், முதல் வரிசையில் முட்டுக்குத்தி நின்றாள். திரும்பி வந்து அடுக்களையில் மீன் வெட்டும்போது சொன்னாள், "அவளுக்க செபமும் எனக்க செபமும் ஒண்ணுதானே போச்சு, ஒரே மணிமாலை, ஒரே மாதா கெபி." அவ்வளவுதான். அதற்கு மேல் ஏழு வருஷமாக அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஒக்கி என்றால் வங்காளத்தில் கண் என்று அர்த்தமாம். பேப்பரில் படித்தேன். எந்தக் கண் என்று தெரியவில்லை.

---

ஜெபவீரன் | 28 அக்டோபர், மாலை 6:30

கேள்வி கேட்பது அவிசுவாசத்தின் வாசல். முறுமுறுத்தவர்கள் வனாந்தரத்தில் விழுந்தார்கள். இங்கே எல்லாரும் சேர்ந்து அந்தத் தாயின் விசுவாசத்தைக் கொல்கிறீர்கள். பெயரை மட்டும் எழுதிக் கொடு என்பது இருமனம்.

---

நெறியாளர் | 28 அக்டோபர், மாலை 7:00

ஜெபவீரன், மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன், இதை மட்டும் விட்டிருக்கிறேன். கேட்டவர் தன் வீட்டுக் கதையைச் சொல்லி உதவி கேட்கிறார். தீர்ப்பு வேண்டாம்.

---

வன்னிப்பெட்டை | 29 அக்டோபர், அதிகாலை 3:25

தங்கச்சி, நான் முல்லைத்தீவு. இப்ப கனடாவில இருக்கிறன், அதுதான் இந்த நேரம்.

என்ர தம்பியை 2009 மே மாதம், சண்டை முடிஞ்ச நேரம், வட்டுவாகலில கடைசியாக் கண்டது. உயிரோட, நடந்துதான் போனவன். அதுக்குப் பிறகு ஒண்டும் இல்லை. உங்கட அண்ணாவைக் கடல் கொண்டு போனது. எங்களுக்கு ஆர் கொண்டு போனது எண்டு தெரியும், எங்க எண்டுதான் தெரியாது. ரெண்டும் ஒண்டில்லை, எண்டாலும் உங்கட அம்மாவை எனக்குத் தெரியும் போல கிடக்கு.

இறந்தார் எண்டு எழுதாமல் காணவில்லை எண்டு மட்டும் எழுதிற ஒரு சான்றிதழுக்கு எங்கட நாட்டில 2016இல சட்டம் வந்தது. அதையும் அம்மா எடுக்கேல்ல. "காணேல்லை எண்டு எனக்குத் தெரியும், அதை அவங்கள் எனக்கு எழுதித் தாறதோ?" எண்டவா. 2017 பெப்ரவரி 20 கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில தாய்மார் போராட்டம் துவங்கினபோது அம்மாவும் போய் இருந்தவா. கழுத்தில சிலுவை, முதுகுக்குப் பின்னால முருகன் கோயில். மதியம் பக்கத்து அம்மா விபூதி பூசிக்கொண்டு தேவாரம் பாடுவாவாம், இவ செபமாலை சொல்லுவாவாம். ஆரும் ஆரையும் திருத்தேல்லை.

பூசை ஒண்டும் வைக்கவிடேல்லை, கடைசி வரைக்கும். 2021இல அம்மா காலமாகிட்டா. இப்ப நான் என்ன செய்யிறன் தெரியுமோ? அம்மாவுக்குத் திவசப் பூசை வைக்கேக்க தம்பியின்ர பெயரையும் சேர்த்துக் குடுக்கலாமோ எண்டு ஒவ்வொரு வருசமும் பேனையைத் தூக்கி, வைக்கிறன். அம்மா இருந்தபோது அவவோட சண்டை பிடிச்சன். இப்ப அவவின்ர இடத்தில நானே இருக்கிறன்.

ஆரும் உங்களுக்கு விசுவாசம் குறைவு எண்டு சொன்னால் என்னட்ட அனுப்பிவிடுங்கோ.

---

உபதேசியார் பேரன் | 29 அக்டோபர், காலை 9:00

அக்கா, 901 உங்களுக்கும்தான்.

---

ஆற்றுப்படுத்துநர்_திருச்சி | 29 அக்டோபர், மதியம் 12:40

சுருக்கமாக ஒன்று. இந்த மாதிரித் துக்கத்துக்குத் தனியாக ஒரு பெயரே உண்டு, தெளிவற்ற இழப்பு என்று சொல்லலாம். பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில், வியட்நாம் போரில் காணாமற்போன விமானிகளின் குடும்பங்களோடு பழகி இதைக் கவனித்தார். ஆள் போனதும் தெரியவில்லை, இருப்பதும் தெரியவில்லை. அதனால் துக்கம் உறைந்துபோய் நிற்கும். வீட்டுக்குள் ஒருவருக்கொருவர் எதிரியாவது இதில் வழக்கமாக நடப்பது. உங்கள் அம்மாவும் அண்ணியும் கெட்டவர்கள் இல்லை, நிலைமைதான் அப்படி.

"முடித்துக்கொள்ளுங்கள்" என்று அம்மாவிடம் சொல்லாதீர்கள். இல்லாமல் இருக்கலாம், இருக்கவும் இருக்கலாம், ரெண்டையும் ஒன்றாகத் தாங்கப் பழகுவதுதான் இதில் செய்யக்கூடியது. ரீசார்ஜை நிறுத்தாதீர்கள். பையனிடம் மட்டும் உண்மையை மறைக்காமல், அவன் வயதுக்குத் தக்கபடி சொல்லுங்கள். "எங்களுக்கும் தெரியாது" என்பதும் உண்மைதான்.

---

ஜெபவீரன் | 31 அக்டோபர், இரவு 2:10

தூக்கம் வரவில்லை. ரெண்டு நாளாக வன்னி அக்கா எழுதியதையே படித்துக்கொண்டிருக்கிறேன்.

2019இல் என் மனைவிக்கு மார்பில் கட்டி. தேவ ஊழியர் ஒருவர் கை வைத்து, சுகம் ஆயிற்று என்று சொன்னார். நான் மறுவாரமே சபையில் எழுந்து சாட்சி சொன்னேன். மைக்கைப் பிடித்து, சுகமானாள் என்று. அவள் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. ராத்திரி, "எனக்கு வலிக்குது, ஆனா நீங்க சாட்சி சொல்லிட்டீங்களே" என்றாள். அதிலிருந்து வலிக்கிறது என்று என்னிடம் அவள் சொல்லவே இல்லை. சொன்னால் அவிசுவாசம் ஆகிவிடும் அல்லவா.

2020 ஊரடங்கில் போய்விட்டாள். அடக்கத்துக்கு இருபது பேருக்கு மேல் கூடாது என்றார்கள், இருபது பேர்கூட வரவில்லை. என் விசுவாசக் குறைவால்தான் என்று சபையில் பேச்சு. அதனால் நான் இன்னும் சத்தமாக விசுவாசிக்க ஆரம்பித்தேன்.

கடலோரத்துச் சகோதரி, சான்றிதழைக் கிழி என்று எழுதியதற்கு மன்னியுங்கள். இருமனம் என்று எழுதியதற்கும். பிசாசு பிடித்த மகனைக் கொண்டுவந்த தகப்பன், விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்க உதவிசெய்யும் என்று ஒரே வாக்கியத்தில் சொன்னான். அதை ஆண்டவர் இருமனம் என்று சொல்லவில்லை. பிள்ளை சுகமானான். இதை நானே பத்துத் தடவை பிரசங்கம் பண்ணியிருக்கிறேன்.

---

வெளியில் நிற்பவன் | 31 அக்டோபர், காலை 6:50

அண்ணே, நம்பர் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள். ராத்திரி ரெண்டு மணிக்கும் நான் முழித்துத்தான் இருப்பேன்.

---

நாங்குநேரிக்காரன் | 31 அக்டோபர், காலை 11:00

ஜெபவீரன் தம்பி, முதல் நாள் யோபுவின் சிநேகிதர் என்று உங்களைச் சொல்லிவிட்டேன். நானும் வாய் திறந்தவன்தானே, திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

88ஆம் சங்கீதத்தை ஒருநாள் மெதுவாக வாசியுங்கள். மற்றப் புலம்பல் சங்கீதங்களில் கடைசியில் எங்கேயாவது ஒரு திருப்பம் வந்துவிடும், ஸ்தோத்திரம் வந்துவிடும். அதில் வராது. இருளிலேயே முடியும். வேதத்தைத் தொகுத்தவர்கள் அதை எடுத்துவிடவில்லை, கடைசியில் ஒரு வரி சேர்த்துச் சரிசெய்யவும் இல்லை. ஆலயத்தில் பாடக் கொடுத்துவிட்டார்கள்.

மகளே, உனக்கு ஒரு வசனம் தேடிக்கொண்டிருந்தேன். வெளிப்படுத்தல் 20:13, "சமுத்திரம் தன்னிலுள்ள மரித்தோரை ஒப்புவித்தது." நியாயத்தீர்ப்பைப் பற்றிய இடம் அது, பயமுறுத்தும் இடம்தான். ஆனால் மரணத்துக்கும் பாதாளத்துக்கும் முன்னால் யோவான் கடலைச் சொல்கிறார். அந்த வரிசையை நான் இத்தனை வருஷம் கவனித்ததே இல்லை. உன் கேள்விக்குப் பிறகுதான் கவனித்தேன்.

---

கடலோரத்துக்காரி | 3 நவம்பர், காலை 7:45

நேற்றுக் கல்லறைத் திருநாள்.

கல்லறைத் தோட்டத்து நடுவில் ஒரு பெரிய சிலுவை உண்டு. வேறு ஊரில் அடக்கமானவர்களுக்கு அதன் அடியில் மெழுகுவர்த்தி கொளுத்துவார்கள். 2018 முதல் அந்த இடம் நிறைந்துவிடும், வரிசையில் நின்றுதான் வைக்க வேண்டும். அண்ணன் மகன் ஒன்று வைத்தான். காற்றில் மூன்று தடவை அணைந்தது, மூன்று தடவையும் பக்கத்து வீட்டு அண்ணன்தான் கொளுத்திக் கொடுத்தார். பத்தாம் நாள் திரும்பி வந்தாரே, அவர். அவர் யாருக்கு மெழுகுவர்த்தி வைக்க வந்தார் என்று நான் கேட்கவில்லை. அவர் போட்டில் போன எல்லாரும் திரும்பி வரவில்லை.

அம்மா வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

ராத்திரி நாங்குநேரி ஐயா சொன்ன வசனத்தை வாசித்துக் காட்டினேன். எங்கள் பைபிளில் வார்த்தை கொஞ்சம் வேறு, ஆனால் விஷயம் அதுதான். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அப்ப கடலுக்கும் ஒரு நாள் கணக்கு உண்டு, இல்லியா?" என்றாள். நான் ஆர்வத்தில் அடுத்த அதிகாரத்தையும் வாசித்துவிட்டேன், அங்கே கடலே இல்லாமற் போயிற்று என்று வருகிறது. அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. கடல் இல்லாத இடத்தில் நம்ம ஆட்கள் போய் என்ன செய்வார்கள், விவசாயமா? ஏழு வருஷத்தில் அண்ணனைப் பற்றிய பேச்சில் நாங்கள் சிரித்தது அதுதான் முதல் தடவை. அண்ணியும் சிரித்தாள்.

அச்சனைப் பார்த்தேன். வெறும் பெயர் போதும் என்றார். "இந்த ஊரில் இப்படிக் கேட்கிற முதல் ஆள் நீ இல்லை" என்றும் சொன்னார்.

---

அருள்மலர் | 3 நவம்பர், காலை 9:30

தங்கச்சி, அன்றைக்கு நான் வேறு என்ன சொல்வது என்று தெரியாமல்தான் அதைச் சொல்லிவிட்டேன். என் மகனும் கப்பலில் வேலை. அவனுக்காகச் சொல்லிக்கொள்வதை உனக்கும் சொன்னேன் போல.

---

வன்னிப்பெட்டை | 20 நவம்பர், அதிகாலை 4:00

கார்த்திகை மாதம், இஞ்ச பனி துவங்கிட்டுது. நேற்றுப் போய்ப் பெயரைக் குடுத்திட்டன். தம்பியின்ர பெயரை மட்டும், தனியா. வாங்கின ஐயா ஆங்கிலேயர், ஆளுக்குப் பெயர் வாசிக்க வருமோ தெரியாது. உயிரோட இருக்கிறாரா இறந்திட்டாரா எண்டு கேட்டார். ஓம் எண்டு சொன்னன்.

---

கடலோரத்துக்காரி | 1 டிசம்பர், இரவு 10:30

நேற்றுச் சாயங்காலம் பூசை.

அம்மா வரமாட்டாள் என்றுதான் நினைத்தோம். கோயில் பிள்ளை முதல் மணி அடித்தபோது முகம் கழுவிக்கொண்டிருந்தாள். வந்தாள். எங்களோடு உட்காரவில்லை, கடைசியில் வாசல் பக்கம், கடல் தெரியும் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நேற்று ஊரில் பல வீட்டுக் கருத்து என்பதால் அச்சன் பெயர்களை வாசிக்கவே நேரம் பிடித்தது. பல பெயருக்கு முன்னால் "இறந்த" என்று வந்தது. எங்கள் அண்ணனுக்கும் இன்னும் நாலைந்து பேருக்கும் வெறும் பெயர். அத்தனை வீட்டிலும் ஒரு அம்மா இருக்கிறாள் போல.

மன்றாட்டு நேரத்தில், வேறு யாருக்காவது கருத்து உண்டா என்று அச்சன் கேட்டார். பின்னாலிருந்து அம்மா குரல் கேட்டது. "கடல்ல இருக்கிறவங்களுக்காக." கோயில் முழுக்க, "ஆண்டவரே எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது. எங்கள் ஊரில் பாதி ஆண்கள் நேற்றும் தங்கலில்தான் இருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து யாரும் எதுவும் பேசவில்லை. பையன் மட்டும், அப்பா பெயரை மைக்கில் கேட்டது நல்லா இருந்தது என்றான்.

இன்று காலை அம்மா பழைய போனைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். ரீசார்ஜ் முடிகிற நாள். வழக்கமான 84 நாள் பேக்கைப் போடப் போனேன். கையைப் பிடித்து, "28 நாள் போதும்" என்றாள்.

ஏன் என்று கேட்கவில்லை. போட்டுவிட்டேன்.